சேர்ந்துவிட்டது என்றார்கள்

ஜூலை 9, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டிலை ஹாலுக்கு மாற்றியிருக்கிறார்கள். என்னைக் கேட்கவில்லை. இனி வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் பார்ப்பது என்னையும் என் கமோடு நாற்காலியையும்தான்.

இருபத்தாறு வருஷமாக மைதானத்தில் கத்திக் கத்திப் பிள்ளைகளை ஓடவிட்டவள் நான். இப்போது கத்தினால் "பாவம், வலியில பேசுது" என்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். இங்கே யாரும் என்னைப் பாவம் பார்க்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சிமென்ட் தளம் முழுக்கப் பாசி. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள் என்று தலைமையாசிரியையிடம் ஜூன் முழுக்கச் சொன்னேன். "சொல்லிருதேன் டீச்சர், சொல்லிருதேன்." கடைசியில் வழுக்கி விழுந்தது நான்தான். தொடை எலும்பு இடுப்பில் போய்ச் சேருகிற இடம் கழுத்து மாதிரி ஒல்லியாக இருக்குமாம். இடது பக்கம் அந்தக் கழுத்து முறிந்துவிட்டது. மறுநாளே ஆபரேஷன். உள்ளே மூன்று ஸ்க்ரூ.

செய்தது என் கொழுந்தன் சங்கரலிங்கம். கோவில்பட்டியில் எலும்பு என்றால் பாதி ஊர் அவரிடம்தான் போகும். "மதினி, உங்க சொந்த எலும்பையே காப்பாத்திக் குடுத்திருக்கேன். செயற்கை மூட்டெல்லாம் வேண்டாம். தீபாவளிக்குள்ள கிரவுண்டுல நிப்பீங்க" என்றார். இவர், அதாவது என் வீட்டுக்காரர் நெல்லையப்பன், தானே கத்தி பிடித்த மாதிரி பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

ஜூலை 11, வியாழன்

பள்ளியிலிருந்து ஆப்பிளோடு வந்தார்கள். தொட்டியடியை நன்றாகத் தேய்த்துக் கழுவியாயிற்றாம். சந்தோஷம்.

ஜூலை 24, புதன்

வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். இடது பாதம் தரையைச் சும்மா தொடலாம், பாரம் போடக் கூடாது.

இன்று குழாயில் தண்ணீர் வந்த நாள். இவர் டெலிபோன் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கி நாலு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறார். ஆனாலும் எந்தக் குடத்தில் குடிக்கிற தண்ணீர், எந்த டிரம்மில் புழங்குகிற தண்ணீர் என்று தெரியாது. கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாற்றித்தான் பிடித்துவைத்தார். "எல்லாம் தண்ணிதானே" என்கிறார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எக்ஸ்ரே எடுத்தார்கள். கொழுந்தன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக மூன்று ஸ்க்ரூ, கூரை ஆணி மாதிரி. "அழகா சேர்ந்துட்டு வருது மதினி. இனிமே கொஞ்சம் கொஞ்சமா பாரம் போடலாம்."

வரும் வழியில் பள்ளியின் வழியாகக் காரை விடச் சொன்னேன். பிள்ளைகள் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதிலாக வந்திருக்கிற ஆள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறான். கார்க் கண்ணாடியை இறக்கி ஒரு சத்தம் போட்டேன். எழுந்துவிட்டான்.

ஆகஸ்ட் 31, சனி

வலி. தைத்த இடத்தில் இல்லை, உள்ளே, கவட்டையில். உட்கார்ந்து எழும்போது யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி. நடக்க ஆரம்பித்தால் கொஞ்சம் குறைகிறது, பிறகு கூடுகிறது. நேற்று ஏதோ கரகரவென்று அரைபட்டது. காதில் கேட்டதா, எலும்பில் தெரிந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

போனில் கேட்டேன். "வலி இருக்கத்தான் செய்யும் மதினி. நீங்க ஸ்போர்ட்ஸ் ஆளு, இதுக்கெல்லாம் பயப்படலாமா?"

நான் பயப்படுகிறேன் என்று சொல்லவில்லை. வலிக்கிறது என்றுதான் சொன்னேன்.

செப்டம்பர் 4, புதன்

வட்டாரப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார்கள். ஐந்து கோல். எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

மறுபடி எக்ஸ்ரே. இந்தத் தடவை விளக்குப் பெட்டிக்கு என்னைக் கூப்பிடவில்லை. நர்ஸ் படத்தை நேராக உள்ளே கொண்டுபோனாள். பிறகு இவரை மட்டும் அழைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள், அவ்வளவு நேரம். அண்ணனும் தம்பியும் ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிற புதுக் கட்டடத்தின் திறப்பு விழாவைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அழைப்புப் பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று இரண்டு வாரமாக அதே பேச்சுதான்.

கொழுந்தன் வெளியே வந்து, "கொஞ்சம் நாளாகும் மதினி. சிலருக்கு மெதுவாத்தான் சேரும். வீட்டுக்குள்ள மட்டும் நடங்க" என்றார். வேறு ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். படத்தைக் கேட்டேன். "இங்கயே இருக்கட்டும், எங்க போகப்போகுது."

திரும்பும்போது இவர் வண்டியை நிறுத்தி எனக்குப் பிடித்த காரச் சீவல் வாங்கிக்கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்காமல் வாங்கிக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. நமுத்துப்போயிருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

இவர் அடுப்படியில் புகுந்திருக்கிறார். ரசம் வைத்தார். புளி கரைக்கத் தெரியாமல் அப்படியே உருட்டிப் போட்டிருந்தார். நான் எழுந்து போய்ச் சரிசெய்தால், "நீ ஏன் எந்திரிக்க? உக்காரு, உக்காரு" என்று பதறுகிறார். என்னை முழு நோயாளியாக்கிப் பார்ப்பதில் இவருக்கு என்ன ஆசையோ.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று பெரிய சண்டை.

காலையில் வாக்கரை விட்டுவிட்டு ஒற்றைக் கம்போடு வாசலிலிருந்து பின்கட்டு வரை போய்வந்தேன். வலி உச்சந்தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் ஒரு நடை. வலிக்கும் காலை ஓய்வில் வைத்தால் அது இறுகித்தான் போகும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நடையில் இவர் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் செண்பகம். நடக்காத."

"ஏன்?"

"சொன்னாக் கேளு. ஓய்வா இரு."

"உங்க தம்பி வீட்டுக்குள்ள நடக்கச் சொன்னாரு."

"அவன் சொல்லுவான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"அவன் சொல்லுவான்னா? என்ன அர்த்தம்?"

"ஒண்ணுமில்ல. உனக்கு வலிக்குதேன்னு சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கம்பைப் பிடுங்கிக்கொண்டு இவர் கண் முன்னாலேயே இன்னும் இரண்டு நடை நடந்தேன். இவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். மத்தியானம் முழுக்கக் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

சேலை இடது பக்கம் தரையில் இழுபடுகிறது. கொசுவத்தைத் தூக்கிச் செருகினால் வலது பக்கம் கணுக்கால் தெரிகிறது. பாவாடை நாடாதான் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு கட்டிலில் காலை நீட்டி இரண்டு குதிகாலையும் சேர்த்துவைத்துப் பார்த்தேன்.

இடது கால் குட்டையாகிவிட்டது.

ஓசூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன். "சித்தப்பா பக்கத்துலயே இருக்கும்போது என்னம்மா பயம்? நீ வளைஞ்சு படுத்திருப்ப." நான் வளைந்து படுத்திருக்கவில்லை. எத்தனை பிள்ளைகளின் காலை நேராகப் பிடித்துப் பார்த்தவள் நான்.

இவரிடம் காட்டினேன். பார்த்தார். "கேக்கேன், தம்பிகிட்ட கேக்கேன்" என்று சொல்லிக் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போய்விட்டார். சிலிண்டர் போன வாரம்தான் வந்தது.

செப்டம்பர் 25, புதன்

இன்றைக்குத் தம்பியிடம் கேட்டாரா என்று கேட்டேன். தம்பி சென்னை போயிருக்கிறாராம்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. பாக்கியசீலி வந்தாள். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நானும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காப்பி போட எழுந்த என்னை அவள் விடவில்லை. தானே போட்டுக் கொண்டுவந்து உட்கார்ந்தாள்.

"அந்த நாலு எட்டு நீ நடந்ததைப் பாத்தேன். போன மாசத்துக்கு இந்த மாசம் மோசமாயிருக்க. என்னன்னு கேட்டியா?"

"கொஞ்சம் நாளாகும்ங்காரு."

"யாரு, உன் கொழுந்தனா? இன்னொரு டாக்டர்ட்ட காட்டு."

"இவுக வீட்டுல பிரளயமே வந்துரும். சொந்தக் கொழுந்தன நம்பாம வெளிய காட்டுனாளாம்னு."

"பிரளயம் வரட்டும். கால் யாருது?"

சனிக்கிழமை மதுரையில் அவள் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நானும் போவதாக இவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் காலோடு எதற்கு என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. "போயிட்டு வா" என்றார். தலையை நிமிர்த்தக் கூட இல்லை.

அக்டோபர் 5, சனி

வரவேற்புக்கு நாங்கள் போகவே இல்லை. பட்டுச்சேலையோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் பெயர் நசீமா. என் வயசுதான் இருக்கும். அதிகம் பேசவில்லை. படுக்கச் சொல்லி முட்டியை மடக்கி உள்பக்கம் லேசாகத் திருப்பினார். நான் போட்ட அலறலில் வெளியே உட்கார்ந்திருந்த பாக்கியசீலி உள்ளே ஓடிவந்துவிட்டாள். பிறகு படம் எடுத்தார்கள். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"எலும்பு சேரவே இல்லம்மா. முறிஞ்ச இடம் அப்படியே கீழ சரிஞ்சு உக்காந்திருக்கு. அதான் கால் குட்டையாயிருச்சு. சரியும்போது ஸ்க்ரூ அங்கயே நிக்கும்ல? இதோ, இந்த நுனி தொடை எலும்போட தலையில இருக்கிற பந்தைத் துளைச்சு மூட்டுக்குள்ள வந்துருச்சு. நீங்க ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் இடுப்புல இருக்கிற கிண்ணத்தை அது சுரண்டுது."

ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும். நான் எத்தனை எட்டு வைத்திருக்கிறேன்! வைராக்கியத்தில் வைத்தது எத்தனை, இவர் மேல் ஆத்திரத்தில் வைத்தது எத்தனை!

"ஆபரேஷனைத் தப்பா செஞ்சிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த இடத்துல ரத்த ஓட்டம் கம்மி. யார் செஞ்சாலும், எவ்வளவு நல்லாச் செஞ்சாலும், சில பேருக்கு இப்படி ஆகும். நான் செஞ்சவங்களுக்கும் ஆகியிருக்கு. கடைசியா எப்ப படம் எடுத்தீங்க?"

"செப்டம்பர் பத்து."

"என்ன சொன்னாங்க?"

"கொஞ்சம் நாளாகும், வீட்டுக்குள்ள நடங்கன்னு சொன்னாங்க."

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "கிண்ணம் இவ்வளவு தேயறதுக்கு நாள் ஆகும்மா. முன்னாடியே வந்திருந்தா ஸ்க்ரூவை எடுத்துட்டுப் பந்தை மட்டும் மாத்திப் பாத்திருக்கலாம். இப்ப கிண்ணம், பந்து ரெண்டையும் மாத்தணும். அதுவரைக்கும் இந்தக் கால்ல பாரமே போடக் கூடாது."

பாக்கியசீலி என்னைப் பிடித்துக் காரில் ஏற்றினாள். கதவைச் சாத்தியபிறகு சொன்னாள், "செப்டம்பர் பத்துல அந்த மனுசனுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

அன்றைக்கு உள்ளே கூப்பிட்டது என்னை இல்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு இவரைக் கூப்பிட்டேன்.

"நேத்து கல்யாணத்துக்குப் போகல. மதுரையில காலைக் காட்டினேன். இதப் பாருங்க."

இவர் படத்தைப் பார்க்கவில்லை. புதிதாகப் பார்க்கிற ஆள் என்றால் படத்தைப் பார்ப்பார். இவர் என் முகத்தைப் பார்த்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பத்துலருந்து தெரியும்?"

"செண்பகம், உக்காரு."

"எப்பத்துலருந்து?"

"அன்னைக்குத்தான். எக்ஸ்ரே எடுத்த அன்னைக்கு. ஸ்க்ரூ உள்ள வந்துருச்சுன்னு சொன்னான். தீபாவளி கழியட்டும், நானே சரிபண்ணிருதேன்னான். புதுக் கட்டடம் திறக்கிற நேரம். நீ மதுரைக்குப் போனா, சொந்த மதினியவே சரியாப் பாக்கலன்னு ஊரு பேசும்னான். மதினிகிட்ட இப்பச் சொல்லாத, பயந்துருவாங்கன்னான். அவன் அழுதுட்டான் செண்பகம்."

அழுதாராம். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"நான்தான் நடக்காத, நடக்காதன்னு சொன்னேனே," என்றார் இவர்.

வாக்கரைத் தூக்கி எறிந்துவிட்டேன். டிவி ஸ்டாண்டில் பட்டுக் கண்ணாடி உடைந்தது. "நடக்காதன்னு சொன்னீங்க. ஏன்னு சொன்னீங்களா? ஒரே ஒரு வார்த்தை. உள்ள கம்பி குத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தரையில பாதம் வச்சிருப்பேனா நான்? கண்ணு முன்னாடி நான் நடந்ததைப் பாத்துட்டு நின்னீங்களே!"

குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினார். அதையும் கையாலேயே. விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியாது.

அக்டோபர் 8, செவ்வாய்

பேச்சில்லை. மகள் ஓசூரிலிருந்து கிளம்பி வருகிறாள். போனில் "சித்தப்பா" என்று ஆரம்பித்தாள். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

மதுரை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. செயற்கை மூட்டு வைத்திருக்கிறார்கள். மறுநாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். தைத்த இடம் எரிகிறது. ஆனால் கவட்டைக்குள் அந்தச் சுத்தியல் இல்லை. அது இல்லை என்று தெரிந்தவுடன்தான் அழுதேன். மகள் நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

மத்தியானம் கொழுந்தன் வந்தார். ஆரஞ்சுப் பையோடு. மகளை வெளியே அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மதினி, இது காம்ப்ளிகேஷன். எந்த டாக்டருக்கும் ஆகும்."

"தெரியும். இங்க உள்ள டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. ஸ்க்ரூ நழுவுனதுக்கு நான் உங்க மேல கோபப்படல."

அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டது.

"நழுவுனதைப் பாத்துட்டு, என்கிட்ட வந்து வீட்டுக்குள்ள நடங்கன்னு சொன்னீங்களே, அது எந்தக் காம்ப்ளிகேஷன்?"

"உங்களப் பயமுறுத்த வேண்டாம்னு..."

"யாரு பயந்தா சங்கரலிங்கம்? நானா?"

அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கொஞ்ச நேரம் ஆரஞ்சுப் பையின் முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஊர்ல யாராவது கேட்டா, பாத்ரூம்ல ரெண்டாவது தடவ விழுந்துட்டேன், அதனாலதான் மாத்த வேண்டியதாப் போச்சுன்னு சொல்லிருங்க மதினி. குடும்பத்துக்காக."

வாசல் பக்கம் கையைக் காட்டினேன். அவர் எழுந்தபோதுதான் இவரும் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. தம்பி இவரைத் தாண்டிப் போனார். இவர் நகர்ந்து வழிவிட்டார். அவ்வளவுதான் செய்தார்.

அக்டோபர் 21, திங்கள்

கோவில்பட்டி. பாக்கியசீலி தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். மாட்டேன் என்றேன். இது என் வீடு. நான் ஏன் போக வேண்டும்?

கட்டிலை மட்டும் ஹாலிலிருந்து அறைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்குக் கொழுந்தன் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. திருப்பி அனுப்பினேன். புதுக் கட்டடம் திறக்கிறார்கள் இன்று. இவர் வேட்டி கட்டி, சட்டை போட்டு, செருப்பை மாட்டி, வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். நான் போகச் சொல்லவும் இல்லை, போக வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மகள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவளை மன்னித்துவிட்டேன். அது சுலபமாகத்தான் இருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். நாற்பது வயசு இருக்கும், கையில் மோட்டார் சைக்கிள் சாவி. டாக்டருடைய அண்ணன் வீடு இதுதானா என்று கேட்டார். இவர் வெளியே போய் நின்றார். நான் உள்ளே சாப்பாட்டு மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"எங்கம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம் ஆச்சு சார். எந்திரிக்கும்போதெல்லாம் உள்ள குத்துதுன்னு அழுது. டாக்டர் அய்யா பழகிரும்ங்காக. கூட்டத்துல நம்மளால ரொம்பக் கேக்க முடியல. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இன்னும் கொஞ்சம் நல்லாப் பாப்பாகன்னு சொன்னாங்க."

நான் கீரையை வைத்துவிட்டுக் கம்பை எடுத்தேன். வாசலுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன், குடும்பமாவது கத்தரிக்காயாவது என்று எழுந்தேன். அதற்குள் இவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அம்மாவ இனிமே ஒரு எட்டு கூட நடக்க விடாதீங்க. எக்ஸ்ரேயக் கையில கேட்டு வாங்குங்க. தரலைன்னா வேற இடத்துல புதுசா எடுங்க. எடுத்துட்டு மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே போங்க."

"சார், அய்யா உங்க கூடப்பிறந்த தம்பிதானே?"

"ஆமா, என் தம்பிதான். அதான் சொல்லுதேன்."

மதுரை டாக்டரின் பெயரையும் சொன்னார். வழியும் சொன்னார். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போனபிறகும் உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்று சாயங்காலத்துக்குள் இது தம்பி காதுக்குப் போய்விடும் என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் வாசல் வரை நடந்து போனேன். வலியில்லாமல்தான் நடந்தேன். எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு இதைச் சொல்ல இவருக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லையே என்றுதான் நெஞ்சு எரிந்தது.

"இதை என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றார்.

அதற்குப் பின்னால் ஏதாவது சமாதானம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு என் பின்னாலேயே உள்ளே வந்து மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து கீரையை எடுத்தார். தண்டையும் இலையையும் சேர்த்து ஒன்றாகப் போட்டார். நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன்.